பழைய கொமடோர் 64ஐ டிவியில் இணைத்தால் படம் இரைகிறது, எழுத்து இரட்டையாகத் தெரிகிறது: எங்கே தொடங்குவது?

உப்புவெளி ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். பாடசாலையில் சாதாரண தர வகுப்புக்கு ஐ.சி.ரி படிப்பிக்கிறேன்.

எங்கள் மாமா 1986இல் லண்டனில் இருந்து அண்ணாவுக்கு ஒரு கொமடோர் 64 அனுப்பியிருந்தார். விசைப்பலகையும் கணினியும் ஒரே உடம்பாக உள்ள பழுப்பு நிறப் பழைய வகை. உவர்மலையில் அம்மம்மா வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். உப்புவெளியில் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் 2004 சுனாமியோடு போயிருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்க அலுமாரியை ஒதுக்கியபோது சின்னம்மா எடுத்துத் தந்தார். போட்டுப் பார்த்தேன், உயிரோடு இருக்கிறது! அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல.

பிரச்சினை டிவியில் பார்க்கும்போதுதான். வீட்டில் 21 அங்குலப் பழைய பெட்டி டிவி ஒன்றும் 32 அங்குல எல்.ஈ.டி டிவி ஒன்றும் இருக்கின்றன. கணினியின் பின்பக்கத்துச் சிறிய வட்டத் துளையில் இருந்து டிவியின் அன்டெனா துளைக்கு ஒரு வயர் போகிறது. அதுவும் லண்டனில் இருந்து வந்த அதே வயர்தான். பழைய டிவியில் யூ.எச்.எஃப் பக்கம் கையால் தேடிக்கொண்டு போக நீலத் திரை வந்தது. ஆனால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி இரைகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக இன்னோர் எழுத்து நிற்கிறது. தொடங்கும்போது மீதி நினைவகம் 38911 பைட் என்று காட்டும் அல்லவா, அதில் 8 எது 9 எது என்று தெரியவில்லை. நிறமும் நிலையாக நிற்பதில்லை. பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றால் நீலம், கையை விட்டால் சாம்பல்.

சத்தத்துக்குப் பதிலாக ஒரே "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல். பின்னேரம் பொழுதுபடும் நேரத்தில் சரிவான மெல்லிய கோடுகள் திரையில் ஓடத் தொடங்குகின்றன, பகலில் அவை இல்லை.

எல்.ஈ.டி டிவி இன்னும் மோசம். தானாகத் தேடவிட்டால் கணினி அகப்படவே இல்லை. கையால் தேடினால் ஒரு கணம் படம் தெரிகிறது, உடனே திரை நீலமாகி "சிக்னல் இல்லை" என்று வருகிறது.

இன்னொன்று: டிவிக்குப் பின்னால் மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பு போட்டிருக்கிறேன். ஒரு வாயில் கூரை அன்டெனா வயர், ஒரு வாயில் கணினி, மற்றது டிவிக்கு. ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டத் தேவையில்லை என்பதற்காக. கடல் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். கூரை அன்டெனா துருப்பிடித்துத்தான் நிற்கிறது.

எனக்குச் சோல்டர் பிடிக்கத் தெரியும், மல்டிமீற்றரும் இருக்கிறது. கணினியைத் திறக்கவா, டிவியைத் திறக்கவா, எதில் கைவைப்பது என்றுதான் தெரியவில்லை. ராம் என்ற சொல்லைப் பிள்ளைகள் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். முழு நினைவகமும் 64 கிலோபைட் என்ற ஒரு கணினியை அவர்கள் முன்னால் வைத்து, அவர்களே அதில் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கிண்ணியாக் கரை

ரீச்சர், எல்.ஈ.டி டிவியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மூத்த ஆக்கள் சொல்வார்கள்.

புதிய டிவிகள் சிக்னல் கொஞ்சம் தளர்ந்தாலும் படத்தை மறைத்து நீலத்தைப் போட்டுவிடும். பழைய டிவி எப்படிப்பட்ட இரைச்சலையும் அப்படியே காட்டும், இது காட்டாது. மெனுவில் "புளூ பேக்" அல்லது "புளூ ஸ்கிரீன்" என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். எல்லா டிவியிலும் அது இருக்காது. பிறகு தேடலை டிஜிட்டலில் இருந்து அனலொக்குக்கு மாற்றி, கையால் தேடும் இடத்துக்குப் போய், யூ.எச்.எஃப் சனல் 36க்குக் கிட்ட மெதுவாக நகர்த்துங்கள்.

தானாகத் தேடும்போது அகப்படாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிலையங்கள் அனுப்புவது 625 வரி, அதை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பாதியாக அனுப்புகிறார்கள். கொமடோர் அப்படிச் செய்வதில்லை. 312 வரியை மட்டும் எடுத்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரைகிறது. பழைய டிவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சில புதிய டிவிகள் அதை ஒழுங்கான நிலையம் என்று ஏற்றுக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

முதலில் பழைய டிவியில் சரிக்கட்டுங்கள். அதில் தெளிவு வந்த பிறகுதான் எல்.ஈ.டிக்குக் கொண்டு போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் எந்தக் குறை எந்த டிவியுடையது என்று பிடிபடாது.

உவர்மலை ரேடியோ திருத்துநர்

ரீச்சர், கணினியையும் திறக்க வேண்டாம், டிவியையும் திறக்க வேண்டாம். நான் 80களில் இருந்து திருகோணமலையில் ரேடியோ, டிவி, டெக் திருத்தி வருகிறேன். நீங்கள் எழுதியதை வடிவாக வாசித்தேன். அதில் ஒரு குறைகூடக் கணினிக்குள் இருப்பதாக எனக்குப் படவில்லை. இரைச்சல், இரட்டை எழுத்து, நிறம், சத்தம், பின்னேரக் கோடு எல்லாம் வெவ்வேறு காரணம். ஒரே திரையில் ஒன்றாக வந்து நிற்பதால்தான் பெரிய பழுதாகத் தெரிகிறது. ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள், எழுதி வையுங்கள், பிறகு அடுத்ததை மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல், இனி அந்தக் கணினியைப் போட முதல், மின்பெட்டியை அளந்து பாருங்கள். படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வராது. கொமடோரின் மின்பெட்டி கணினிக்கு இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் நேர் மின்சாரம் (டி.சி), 9 வோல்ட் ஆடல் மின்சாரம் (ஏ.சி). பெட்டி முழுக்கப் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் திறந்து திருத்த முடியாது. வயது போனால் அந்த 5 வோல்ட் மெல்ல மெல்ல ஏறும். ஏறினால் முதலில் போவது நினைவகச் சிப்புகள். அவற்றை மாற்றலாம்தான், ஆனால் இங்கே தேடி எடுப்பது பெரிய பாடு. கணினியில் இருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக்கில் 2ஆம் ஊசிக்கும் 5ஆம் ஊசிக்கும் இடையில் அளவுங்கள். 5 அல்லது 5.1 என்றால் நல்லது. 5.25ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியை இனி இணைக்கவே வேண்டாம், வேறு ஒன்று செய்ய வேண்டும். 6க்கும் 7க்கும் இடையில் ஆடல் மின்சாரம் 9 சொச்சம் காட்டும். லண்டனில் இருந்து வந்தது என்பதால் நம் 230 வோல்ட், 50 ஹேட்ஸுக்கு அது அப்படியே பொருந்தும்.

சரி, இனி படத்துக்கு வருவோம்.

அந்த மூன்று வாய் இணைப்பைக் கழற்றி எறியுங்கள். இரட்டை எழுத்து அதில் இருந்துதான். அன்டெனாவில் நிலையம் பார்க்கும்போது நிழல் படம் வந்தால் மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய சிக்னல் என்று சொல்வோம். உங்கள் கணினியின் சிக்னல் வெளியே வானத்தில் போவதே இல்லை, வயருக்குள் வருகிறது. அப்படியானால் பட்டுத் திரும்பும் இடமும் வயரில்தான் இருக்க வேண்டும். அது எங்கே? கூரையில். அந்த இணைப்பு கணினியின் சிக்னலை டிவிக்கும் அனுப்புகிறது, அன்டெனா வயர் வழியாக மேலேயும் அனுப்புகிறது. மேலே துருப்பிடித்த முனையில் முட்டி அது திரும்பி வருகிறது. வயர் 20 மீற்றர் என்று வையுங்கள். போய் வர 40 மீற்றர், வயருக்குள் அதற்கு 0.2 மைக்ரோ செக்கன் பிடிக்கும். கொமடோரின் திரையில் ஒரு புள்ளி வரைய 0.127 மைக்ரோ செக்கன். ஆகவே திரும்பி வருகிற எழுத்து ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி வலப்பக்கம் தள்ளி விழும். ஓர் எழுத்தின் அகலமே 8 புள்ளிதான். 8க்குள் இருக்கிற ஓட்டை அடைபட்டு 9 மாதிரித் தெரிவதற்கு அது போதும். இன்னொரு விசயம், மேலே போகிற சிக்னல் முழுவதும் திரும்பி வருவதில்லை. கொஞ்சம் அன்டெனாவில் இருந்து வெளியேயும் போகும், பக்கத்து வீட்டு டிவியில் உங்கள் நீலத் திரை தெரிந்தாலும் தெரியும். ஆகவே கணினி பார்க்கும்போது அன்டெனா கழற்றியிருக்கட்டும்.

அடுத்தது வயர். கையால் பிடித்தால் நிறம் வருகிறது, விட்டால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிடத் தெளிவாக எந்த வயரும் தன் நோயைச் சொல்லாது. சிக்னல் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் டிவி தானாகவே நிறத்தை நிறுத்தி, கறுப்பு வெள்ளையாகக் காட்டும். இரைச்சல் படத்துக்கும் காரணம் அதே தளர்ந்த சிக்னல்தான். அந்த வயரின் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். இந்த ஊரில் நான் வெட்டி எறிந்த பிளக்குகளில் அநேகமானவை வெளியே பளபளப்பாகவும் உள்ளே பச்சை பூத்தும் இருந்தவைதான். வாடை மழைக் காலத்தில் ஈரம் ஏறும், கச்சான் காற்றுக் காலத்தில் காயும், உப்பு மட்டும் உள்ளேயே நின்றுவிடும். அலுமாரிக்குள் இருந்தாலும் இதுதான் கதை.

புது வயருக்கு டிஷ் டிவிக்காரர் போடுகிற ஆர்.ஜி-6 கேபிள் போதும். கணினிப் பக்கம் ஒடியோ வயரில் வருகிற வட்டப் பிளக், டிவிப் பக்கம் வழக்கமான அன்டெனா பிளக். ஆர்.ஜி-6 அந்த வட்டப் பிளக்குக்குத் தடிப்பு என்பதால் முனையில் எஃப் பிளக் (டிஷ் கேபிளில் வருகிற திருகுப் பிளக்) போட்டு மாற்றி ஒன்று பூட்டுங்கள். மத்திய வீதியில் கேட்டுப் பாருங்கள், டிஷ் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். சாதாரண ஒடியோ வயரை மட்டும் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். அது இந்த அலைவரிசைக்குச் செய்ததே இல்லை, வெளிப் பின்னலும் ஐதாகத்தான் இருக்கும்.

சத்தத்தைப் பற்றி. நம் நாட்டு ஒளிபரப்பு பி.ஏ.எல் பி/ஜி முறை. அதில் சத்தம் படத்துக்கு 5.5 மெகாஹேட்ஸ் மேலே இருக்கும். பிரிட்டனில் 2012 வரை இருந்தது பி.ஏ.எல் ஐ முறை, அங்கே 6 மெகாஹேட்ஸ் மேலே. படம் இரண்டிலும் ஒன்றுதான், அதனால்தான் நீலத் திரை வந்தது. சத்தத்துக்கு மட்டும் பஸ் ஒரு தரிப்பில் நிற்க ஆள் அடுத்த தரிப்பில் காத்து நிற்கிற நிலைமை. டிவி 5.5இல் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சலைத் தருகிறது. டிவி மெனுவில் "சவுண்ட் சிஸ்டம்" என்று இருந்தால் பி/ஜியை ஐ என்று மாற்றுங்கள். பல நாட்டு முறை எடுக்கிற டிவியில் அது இருக்கும். இல்லாவிட்டால் அன்டெனா வழியாக அந்த டிவியில் சத்தம் எடுக்க முடியாது, வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பின்னேரக் கோடு கணினியுடையது இல்லை. பொழுதுபட்டதும் வீட்டில் எது போடுகிறீர்கள் என்று பாருங்கள். மலிவு எல்.ஈ.டி பல்ப், போன் சார்ஜர் இரண்டும் இப்படிச் சரிவுக் கோடு போடும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். வயரின் வெளிப் பின்னல் நன்றாக இருந்தால் இந்தக் குப்பை உள்ளே வரவும் மாட்டாது.

கடைசியாக ஒன்று. படம் அனுப்புகிற அந்தத் தகரப் பெட்டியில், மொடியுலேட்டரில், சனலை நகர்த்துகிற திருகு இருக்கும். அதில் கைவைக்க வேண்டாம். பிரிட்டன் கொமடோர் சனல் 36இல், 591.25 மெகாஹேட்ஸில் வரும். அங்கே நிலையங்கள் இல்லாத இடம் என்று அந்தச் சனலைக் கணினிக்கும் டெக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, முற்றத்தில் விடிய விடியப் படம் பார்த்த காலத்து ஆக்களுக்கு அந்த 36 நல்ல பழக்கம். திருகை நீங்கள் திருப்பிவிட்டால் எங்கே தேடுவது என்ற அடையாளமே போய்விடும்.

மட்டுநகர் வாசகன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதே தலைப்பைத் தேடி வேறு யாராவது வந்தால் உதவும். ரீச்சருடையது லண்டனில் இருந்து வந்தபடியால் தப்பியது. கனடாவில் இருந்து சொந்தக்காரர் அனுப்பிய கொமடோர் என்றால் கதை வேறு. என்னிடம் இருப்பது அதுதான்.

அது என்.ரி.எஸ்.சி என்ற வட அமெரிக்க டிவி முறை. சனல் 36இல் வராது, கீழே வி.எச்.எஃப் 3 அல்லது 4இல் வரும், பின்னால் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். பி.ஏ.எல் மட்டும் எடுக்கிற டிவியில் படம் உருளும், உருளாவிட்டாலும் நிறம் இராது. எல்லாவற்றையும்விட முக்கியம் மின்பெட்டி. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவர் பிளக்கில் நேரே போட்டால் அந்தக் கணமே முடிந்தது. அடியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்க்காமல் யாரும் எந்தப் பழைய கணினியையும் பிளக்கில் போட வேண்டாம்.

கப்பல்துறைத் தம்பி

அக்கா, குறை நினைக்க வேண்டாம். இதற்கு ஏன் இவ்வளவு பாடு? வைஸ் என்ற எமியுலேட்டரை, அதாவது கொமடோரைப் போலவே நடந்துகொள்கிற மென்பொருளை, மடிக்கணினியில் போட்டால் அதே நீலத் திரை கண்ணாடி மாதிரி வருமே. பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம்தானே?

உப்புவெளி ரீச்சர்

தம்பி, வைஸ் என்னிடம் இருக்கிறது, நல்ல மென்பொருள். பாடக்குறிப்பு தயாரிக்க அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் மடிக்கணினியில் காட்டும்போது பிள்ளைகள் பார்ப்பது இன்னொரு செயலியை. சுவிட்சைப் போட்டதும் வேறு எதுவும் ஏறாமல் நேரே "ரெடி" என்று வந்து நிற்கிற ஒரு இயந்திரத்தை, அதன் விசையை அழுத்தி, அதன் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது வேறு. எங்கள் பாடசாலையில் கணினி என்றால் இணையம் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதை மாற்ற எனக்கு இந்த உண்மையான பெட்டி வேண்டும்.

ஐயா, நீங்கள் சொன்ன ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

மின்பெட்டி 5.08 வோல்ட் காட்டியது. ஆடல் மின்சாரமும் சரி.

மூன்று வாய் இணைப்பைக் கழற்றி வயரை நேரே டிவிக்குக் கொடுத்தேன். இரட்டை எழுத்து அப்படியே மறைந்துவிட்டது. இரைச்சல் மட்டும் மாறவில்லை. உங்கள் ஒன்றரைப் புள்ளிக் கணக்கை வகுப்புக்கே கொண்டு போகப் போகிறேன், அலை வேகத்தைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

பிறகு வயரின் பிளக்கைத் திறந்தேன். வெளி உலோகம் புதிது மாதிரி இருந்தது. உறையைப் பின்னுக்கு இழுத்ததும் உள்ளே பின்னல் கம்பி முழுக்கப் பச்சை, நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நடுக் கம்பி ஒன்றுதான் பிடித்துக்கொண்டு நின்றது. புது ஆர்.ஜி-6 போட்டேன். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது, நிறம் அசையாமல் நிற்கிறது, 38911ஐ மேசைக்கு அப்பால் இருந்தே வாசிக்கலாம்.

பின்னேரக் கோடு டிவி மேசைக்குப் பக்கத்தில் உள்ள போன் சார்ஜரில் இருந்து வந்தது. பழைய வயரில் தெளிவாகத் தெரிந்த கோடு, புது வயர் போட்ட பிறகு சார்ஜர் ஓடும்போதும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய டிவியின் மெனுவில் சத்த முறை மாற்ற இடம் இல்லை. எல்.ஈ.டி டிவியில் இருக்கிறது, ஐ என்று மாற்றியதும் சத்தம் வந்தது. ஆனால் அந்த டிவியில் நீலத் திரையை நிறுத்த வழி இல்லை, சில வேளை படம் அறுந்து அறுந்து வருகிறது. இதற்கு மேல் அன்டெனா வழியில் முன்னேற்றம் கிடைக்குமா?

உவர்மலை ரேடியோ திருத்துநர்

கிடைக்காது ரீச்சர். அன்டெனா வழி என்பது 80களில் டிவிக்கு வேறு வாசல் இல்லாத காலத்து ஏற்பாடு. நல்ல படத்தை எடுத்து, ரேடியோ அலையில் ஏற்றி, டிவிக்குள் மறுபடி இறக்குகிறார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சம் கெடும். உங்கள் கணினியின் பின்னால் இன்னொரு வட்டத் துளை, பல ஊசி போகிற துளை ஒன்று இருக்கிறது பாருங்கள். ஏற்றாத, கெடாத படமும் சத்தமும் அதில் வெளியே நிற்கின்றன. இரண்டு டிவியிலும் ஏ.வி என்ற மஞ்சள் துளை இருக்குமே, அதற்குக் கொடுத்துவிட்டால் சனல் 36ஐயும் மறந்துவிடலாம், 5.5, 6 என்ற சண்டையையும் மறந்துவிடலாம்.

அந்தத் துளைக்கு 8 ஊசி டின் பிளக் என்று பெயர். மஞ்சள் துளைக்கு மட்டும் என்றால் 5 ஊசி டின் பிளக்கும் அதில் இறங்கும். பழைய ரேடியோ, டேப் ரெக்கோடர் வயர்களில் வந்தது அதே பிளக். எந்த வீட்டுப் பரணிலும் ஒன்று அகப்படும். கீபோட் வாசிக்கிற ஆக்களின் மிடி வயரும் அதேதான், ஆனால் மிடி வயர் பலவற்றில் 1ஆம், 3ஆம் ஊசிகளுக்குள் கம்பியே இராது, 3ஆம் ஊசி இல்லாவிட்டால் சத்தம் வராது. வாங்க முதல் மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள்.

2 நிலம் (கிரவுண்ட்). 3 சத்தம். 4 படம். இவ்வளவுதான் வேண்டும். 4 மஞ்சளுக்கு, 3 வெள்ளைக்கு, 2 இரண்டின் வெளிப் பின்னலுக்கும்.

பிளக்கில் ஊசிகள் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக நிற்காது. வளைவில் ஒரு பக்கத்தில் இருந்து பார்த்தால் 1, 4, 2, 5, 3 என்று நிற்கும். நடுவில் 2. அதன் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 5. பிளக்கைத் திருப்பிப் பிடித்தால் 4ம் 5ம் இடம் மாறிவிடும். 5 சத்தம் உள்ளே போகிற வழி, படத்தை அங்கே தேடினால் கறுப்புத் திரைதான். நல்ல பிளக் என்றால் ஒவ்வோர் ஊசிக்கும் பக்கத்தில் மிகச் சின்னதாக இலக்கம் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, அதைப் பார்த்த பிறகு ஈயம் வையுங்கள். சோல்டர் பண்ணும்போது பிளக்கை ஒரு பழைய டின் துளையில் செருகிவைத்தால் ஊசி சூட்டில் சாய்ந்து போகாது.

கிண்ணியாக் கரை

ரீச்சரின் எல்.ஈ.டி டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று தனித்தனியே இல்லாமல் ஒரு சின்ன ஏ.வி துளை மட்டும் இருக்கலாம், இப்போது வருகிறவை அநேகமாக அப்படித்தான். அதற்கு டிவியோடு வந்த மாற்றி வயரையே பாவியுங்கள். கடையில் வாங்குகிற எல்லா மாற்றியிலும் நிலமும் படமும் ஒரே இடத்தில் இராது. படம் வராமல் ஸ்பீக்கரில் "கர்ர்" என்று உறுமினால் படம் சத்தத்தின் இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். மஞ்சளைக் கழற்றிச் சிவப்பில் போட்டுப் பாருங்கள்.

உப்புவெளி ரீச்சர்

வந்துவிட்டது! அப்பாவின் பழைய ரேடியோவோடு இருந்த 5 ஊசி வயரைத்தான் வெட்டினேன். பழைய டிவியில் இப்போது ஒரு புள்ளி இரைச்சல்கூட இல்லை. எழுத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் நிறம் பிசிறுகிறது. சத்தமும் வருகிறது, கொமடோரில் இசை போடுகிற சிட் சிப்பின் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன், அண்ணாவுக்குப் போனில் பிடித்துக் கேட்க வைத்தேன். எல்.ஈ.டியில் கிண்ணியாச் சகோதரர் சொன்னபடியே சிவப்பில் போட்டுத்தான் படம் வந்தது.

இரண்டு கேள்வி மிச்சம். நீலப் பரப்பில் மேலிருந்து கீழாக, சம இடைவெளியில், மிக மங்கலான நிலைக்குத்துக் கோடுகள் நிற்கின்றன. அசைவதில்லை. அது வயரில் இருந்து வருகிறதா? மற்றது, பாடசாலையில் உள்ள பழைய புரொஜெக்டரில் மஞ்சள் துளையும் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் நான்கு ஊசி போகிற சின்ன வட்டத் துளையும் இருக்கிறது. அந்தத் துளையால் பிரயோசனம் உண்டா?

உவர்மலை ரேடியோ திருத்துநர்

நிலைக்குத்துக் கோட்டை விட்டுவிடுங்கள். அது படம் வரைகிற விக் சிப்பும் பலகையும் சேர்ந்து போடுகிற கோடு, கொமடோர் 64 பலவற்றில் இருக்கிறது. டிவியில் கொன்ட்ராஸ்டையும் கூர்மையையும் கொஞ்சம் குறைத்தால் கண்ணில் படாது. வயர் மாற்றிப் பயன் இல்லை.

நான்கு ஊசித் துளை எஸ்-வீடியோ. உங்களுக்கு அதிர்ஷ்டம் ரீச்சர், வகுப்புக்கு அதைத்தான் பாவிக்க வேண்டும். எழுத்தின் ஓரத்தில் நிறம் பிசிறுவது ஏன் என்றால் மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகின்றன, டிவி பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் தடுமாறுகிறது. எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனிக் கம்பியில் போகும். கொமடோர் அந்த இரண்டையும் ஏற்கனவே பிரித்தே வெளியே தருகிறது: வெளிச்சம் 1ஆம் ஊசி, நிறம் 6ஆம் ஊசி.

6ஆம் ஊசி 5 ஊசி பிளக்கில் இல்லை, ஆகவே இதற்கு 8 ஊசி பிளக்தான் வேண்டும். கடையில் 8 ஊசி டின் இரண்டு வகை உண்டு, 262 பாகை, 270 பாகை. உங்களுக்கு 262. மற்றது துளைக்குள் இறங்காது, அழுத்திப் பார்க்க வேண்டாம். திருகோணமலையில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்கச் சொல்லுங்கள். 6ஆம் ஊசி இருக்கிற இடம் 1ஆம் ஊசிக்கு அடுத்த ஓரம். கொமடோரின் நிறச் சிக்னல் எஸ்-வீடியோவுக்குக் கொஞ்சம் பலம் கூட, அப்படியே கொடுத்தால் நிறம் அளவுக்கு மிஞ்சித் தடிக்கும். 6இல் இருந்து போகிற கம்பியில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். எஸ்-வீடியோ பிளக்கில் 3 வெளிச்சம், 4 நிறம், 1ம் 2ம் நிலம். சத்தத்தை 3ஆம் ஊசியில் இருந்து பாடசாலை அம்ப்ளிஃபையருக்குத் தனியாகக் கொடுங்கள், புரொஜெக்டர் ஸ்பீக்கர் சிட் சிப்புக்குப் போதாது.

புரொஜெக்டர் மெனுவில் நிற முறையைத் தானாகத் தேடவிடாமல் பி.ஏ.எல் என்று நீங்களே வைத்துவிடுங்கள், சில புரொஜெக்டர்கள் 312 வரியைப் பார்த்துத் தடுமாறும். வயரைப் பாடசாலைக்குக் கொண்டு போய் வந்த பிறகு பிளக்குகளை ஐசோபுரப்பைல் அல்கஹோலில் துடைத்து, மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். கணினியின் பின்பக்கத் துளைகளுக்கும் அதே துடைப்பு வேண்டும், வாடை தொடங்க முதல் ஒருமுறை செய்துவிடுங்கள். பிளக் அகப்பட்டதும் எழுதுங்கள், ஈயம் வைக்க முதல் ஊசி வரிசையைப் படம் பிடித்துப் போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.